பெயிண்டுக்கு அடியில் விரிசல்! பழைய பார்ட்ஸ் வாங்குவோரே, உஷார்!

ஆத்தூர்,-

சாக்கு மூட்டை பிரிகிறது. உள்ளே பளபளவென்று ஒரு சிலிண்டர் ஹெட். வெள்ளி பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

மெக்கானிக் மாட்டுகிறார். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. "டக், டக், டக்" என்று சீராக ஓடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் டீ வருகிறது.

அரை மணி நேரம் ஆகிறது. இன்ஜின் சூடு ஏறுகிறது. திடீரென்று ஹெட்டின் பக்கவாட்டில் "புஸ்" என்று நீராவி. தண்ணீர் கசிகிறது. இன்ஜினை நிறுத்தி, ஹெட்டைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டினால்... தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்! விரிசலுக்கு மேல் ஒட்டுப் பசை. பசைக்கு மேல் வெள்ளி பெயிண்ட்!

விற்றவருக்குப் போன் போட்டால் என்ன பதில் வரும்? எல்லோருக்கும் மனப்பாடம்.

"பழசுன்னா அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும். புதுசு வேணும்னா கம்பெனிக்குல்லா போயிருக்கணும்!"

தண்ணீர் இறைக்கிற இன்ஜின், உப்பளத்து இன்ஜின், மீன்பிடி படகு இன்ஜின், லோடு வேன்... எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். செல்போனில் போட்டோ வருகிறது. செல்போனிலேயே பணம் போகிறது. லாரி பார்சலில் மூட்டை வருகிறது. மூட்டையோடு தலைவலியும் சேர்ந்து வருகிறது.

"பழசு" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எதையும் யார் தலையிலும் கட்டிவிடலாமா? இது என்ன நியாயம்?

கிலோவா, பீசா?

பழைய பார்ட்ஸ் வியாபாரம் ஒன்றும் பாவத் தொழில் அல்ல. சென்னை புதுப்பேட்டை தொடங்கி ஊர் ஊருக்கு இந்த வியாபாரம் இருப்பதால்தான் ஏழைபாழைகளின் வண்டியும் இன்ஜினும் ஓடுகின்றன. கம்பெனி தயாரிப்பையே நிறுத்திவிட்ட மாடலுக்குப் பழைய பார்ட்டை விட்டால் வேறு கதி கிடையாது. கண்ணியமான வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு பார்ட் புதுசு 10 ரூபாய் என்றால், பழசு 4 ரூபாய் என்று வையுங்கள். அதே பார்ட்டை காயலான் கடைத் தராசில் போட்டால் 50 பைசாகூடத் தேறாது. அப்படியானால் வாங்குகிறவர் அந்த மிச்சம் மூன்றரை ரூபாயை எதற்காகக் கொடுக்கிறார்? "இது ஓடும்" என்ற நம்பிக்கைக்காகத்தானே!

கிலோ கணக்கில் விற்றால் அது இரும்பு. பீஸ் கணக்கில் விற்றால் அது பார்ட். பார்ட்டுக்கு உண்டான விலையை வாங்கிக்கொண்டு இரும்பைக் கொடுத்தால், அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. சுத்தமான ஏமாற்று!

தேய்மானம் வேறு, விரிசல் வேறு. தேய்மானத்தை வாங்குகிறவர் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார். அதற்காகத்தான் விலை குறைகிறது. ஒட்டுப் பசையை அவர் எப்போது ஏற்றுக்கொண்டார்?

சிப்பி ஏலம்

நம் கடற்கரைக்கு இது விளங்காத விஷயம் அல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பு உலகப் பிரசித்தம். கடைசியாக இங்கே அரசு முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல்.

கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரம், ஆயிரமாகக் குவித்து ஏலம் போடுவார்கள். ஒரு சிப்பியையும் திறந்து பார்க்க முடியாது. உள்ளே முத்து இருந்தால் எடுத்தவருக்கு யோகம். வெறும் சதை என்றால் அவர் தலையெழுத்து. ஏலம் விடுகிறவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எடுக்கிறவருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் கண் கட்டித்தான் இருந்தது. அதனால் அதில் வஞ்சகம் இல்லை.

பெயிண்ட் அடித்த சிலிண்டர் ஹெட் அப்படியா? விற்கிறவர் சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டார். உள்ளே முத்து இல்லை என்று தெரிந்துகொண்டார். பசை போட்டு மறுபடி மூடி, "நல்ல சிப்பி" என்று கூவுகிறார்! சிப்பி ஏலத்தில்கூட இந்த வேலை செல்லாது.

முழுகிய இன்ஜின்

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஆத்தூர், ஏரல் பக்கம் வீடு, தோட்டம், வாகனம் எல்லாம் தண்ணீருக்குள் போயின. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் புயல் மழை வெள்ளம்.

முழுகிய வண்டிகளும் இன்ஜின்களும் பிறகு எங்கே போயின? ஒழுங்காகப் பிரித்துச் சுத்தம் பண்ணியவை ஓடுகின்றன. மற்றவை?

தண்ணீர் முழுகிய இன்ஜினைப் பிரிக்காமல் சுற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராடு லேசாக வளையும். வெளியே பார்த்தால் தெரியாது. மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு ஒரு நாள் ராடு முறிந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சின்ன பார்ட்டில் மிச்சம் பிடிக்கப் போய் முழு இன்ஜினும் காலி!

நடுக்கடலில் நின்றால்?

ரோட்டில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். கடலில்?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். வருமானம் இல்லாத நேரம் அது. கையில் காசு இருக்காது. அதனால் பழைய பார்ட்டைத் தேடுவார்கள். தடை முடிந்து முதல் பயணம் போகும்போதுதான் அந்தப் பார்ட்டுக்கு உண்மையான பரீட்சை. கரையில் "டக், டக்" என்று ஓடியது நடுக்கடலில் காலை வாரினால், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போக வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவில் அந்தப் பக்கம் இலங்கை எல்லை.

கரையிலும் கதை லேசானது அல்ல. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை தண்ணீரை நம்பி நிற்கிற பயிர். வாய்க்காலில் தண்ணீர் குறைகிற நாளில் இன்ஜினும் மோட்டாரும்தான் கொடிக்காலுக்கு உயிர். "அடுத்த வாரம் மாத்தித் தாரேன் அண்ணாச்சி" என்று விற்றவர் சொல்லலாம். கொடி அடுத்த வாரம் வரை காத்திருக்காது.

லண்டன் கில்லாடிகள்

ஏதோ நம் ஊர்ப் பட்டறைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஆகாய விமானத்துக்கே இந்த வேலையைக் காட்டியிருக்கிறார்கள்!

லண்டனில் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்று ஒரு கம்பெனி. விமான இன்ஜின் பாகங்களை விற்று வந்தது. 2023-ல் போர்ச்சுகல் நாட்டு விமானப் பணிமனை ஒன்றில் ஒரு சின்ன பாகத்தைக் கையில் எடுத்த தொழிலாளர்களுக்குச் சந்தேகம் தட்டியது. கூட வந்த காகிதம் "புதுசு" என்கிறது. பாகத்தைப் பார்த்தால் தேய்ந்து கிடக்கிறது! தயாரித்த கம்பெனிக்கே எழுதிக் கேட்டார்கள். "அந்தச் சான்றிதழ் எங்களுடையது அல்ல" என்று பதில் வந்தது.

குட்டு அம்பலம்! பல நாட்டு விமானக் கம்பெனிகள் இன்ஜின்களைத் திறந்து தேடின. விமானங்கள் தரையில் நின்றன.

கண்டுபிடித்தது எந்தப் பெரிய யந்திரமும் இல்லை. பாகத்தையும் காகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த கண்தான். இதிலிருந்து ஒன்று தெரிகிறது. காகிதம் இருந்ததால்தான் பொய் பிடிபட்டது. நம் ஊரில் காகிதமே கிடையாது. எதைப் பிடிப்பது?

"எனக்கே தெரியாதுங்க!"

சில சமயம் விற்கிறவருக்கே பழுது தெரியாமல் இருக்கலாம். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

1989 ஜூலை 19. அமெரிக்காவில் யுனைடெட் கம்பெனியின் விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போது வால் பக்கத்து இன்ஜினின் விசிறிச் சக்கரம் வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 296 பேரில் 112 பேர் செத்தார்கள். உலோகத்துக்குள் தொடக்கத்திலேயே இருந்த ஒரு குறையிலிருந்து விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. பரிசோதனையில் அது கண்ணுக்குத் தப்பிவிட்டது. அவ்வளவு பெரிய பணிமனையிலேயே தப்பும் என்றால், தகரக் கொட்டகையில் தப்பாதா?

தப்பலாம். ஆனால் "எனக்கே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டால் மட்டும் கை கழுவ முடியாது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவு என்ன சொல்கிறது? இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி, அவர் வழக்கமாக விற்கும் சரக்கை வாங்கினால், அது அந்த வேலைக்கு ஓரளவாவது லாயக்காக இருக்க வேண்டும். எழுதாவிட்டாலும் இது ஒப்பந்தத்தில் அடக்கம். லாபம் வியாபாரிக்கு என்றால் பொறுப்பும் அவருக்குத்தான்.

இதிலே ஒரு கண்ணியும் இருக்கிறது. வாங்குகிறவர் நேரில் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. "சும்மா தூக்கிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது" என்பது எடுபடாமல் போகலாம். பார்ப்பதானால் ஒழுங்காகப் பாருங்கள்!

கோர்ட்டுக்குப் போனால்?

"நுகர்வோர் கோர்ட்டு எல்லாம் மிக்சி, கிரைண்டர் வாங்குகிறவங்களுக்குத்தானே? இன்ஜின் வச்சுப் பொழைக்கிறவனுக்கு உண்டா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல கேள்வி.

மகாராஷ்டிராவைச் சேர்ந்த லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் 21 லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கியது. தாமதமாக வந்தது, குறை இருந்தது என்று நுகர்வோர் வழக்குப் போட்டது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "இது வியாபார நோக்கத்துக்கு வாங்கியது. நீங்கள் நுகர்வோர் அல்ல" என்று முடித்தது.

ஆனால் அதே தீர்ப்பு சாதாரண ஜனங்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கிறவன் வாங்கினால் அவன் நுகர்வோர்தான். ஆட்டோ வாங்கி, தானே ஓட்டிச் சம்பாதிக்கிறவர் நுகர்வோர். வாங்கி, முழுக்க முழுக்க இன்னொருவர் கையில் விட்டுக் காசு பார்க்கிறவர் நுகர்வோர் அல்ல. 2019-ம் ஆண்டுச் சட்டமும் சுயதொழில் செய்து பிழைக்கிறவரை நுகர்வோர் என்றே வைத்திருக்கிறது. தன் கொடிக்காலுக்கு இன்ஜின் பார்ட் வாங்குகிறவரும், தன் படகைத் தானே ஓட்டுகிறவரும் தலை நிமிர்ந்து உள்ளே போகலாம்.

வழக்கை எதிராளி ஊருக்குப் போய்ப் போட வேண்டியதில்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நமக்குத் தூத்துக்குடி. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நம்பருக்குப் போன் பண்ணி வழி கேட்கலாம்.

பில்! பில்! பில்!

எல்லாம் சரி. கோர்ட்டில் எதைக் காட்டுவீர்கள்? பில் எங்கே?

"பில் வேண்டாம், விலையைக் குறைச்சுப் போடுங்க" என்று கேட்பது யார்? பெரும்பாலும் நாம்தான்! சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கான உரிமையைத் தொலைக்கிறோம்.

பில் கொடுக்காமல் விற்பதையே 2019-ம் ஆண்டுச் சட்டம் நியாயமற்ற வியாபாரம் என்கிறது. பழசைப் புதுசு என்று சொல்லி விற்பதும் அப்படியே. பழுதான சரக்கை, பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

பில் இன்னொரு வகையிலும் காப்பாற்றும். போலீஸ் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். திருட்டு வண்டியைப் பிரித்து விற்கிற கும்பல்கள் அவ்வப்போது பிடிபடுகின்றன. நாளைக்குப் போலீசார் வந்து, "இந்தப் பார்ட் உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டால் பில்தான் பேசும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், புதிய பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்? "பழைய ஹெட்-1" என்று எழுதினால் போதாது. எந்த இன்ஜின், என்ன மாடல், பார்ட்டில் அடித்திருக்கும் நம்பர், வெல்டிங் உண்டா இல்லையா, எத்தனை நாளைக்குள் திருப்பலாம்... இவ்வளவும் வேண்டும். எழுதத் தயங்குகிற வியாபாரி எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

பெயிண்ட் அடித்த பழைய பார்ட்டை வாங்காதீர்கள். துருவோடு இருந்தாலும் பரவாயில்லை. துரு பொய் சொல்லாது. பெயிண்ட் சொல்லும்.

பார்ட்டை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவி அரை மணி நேரம் வையுங்கள். துணியால் சுத்தமாகத் துடையுங்கள். மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மேலே கசிந்து தூளில் கறுப்புக் கோடு போடும். காசு செலவில்லாத வைத்தியம் இது. உள்ளே ஒளிந்த விரிசலைக் கண்டுபிடிக்க, தண்ணீர்த் துவாரங்களை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். "கணீர்" என்றால் நல்லது. "டொக்" என்றால் சந்தேகம். ஜர்னலை லேத்காரரிடம் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 10, 20, 30 என்று சைஸ் சொல்வார்களே, அது ஒரு அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு அதில் எத்தனை கூறு கடைந்து எடுத்திருக்கிறது என்ற கணக்கு. பேரிங் கிடைக்கிற சைசுக்கும் மேல் கடைந்திருந்தால் பேரிங் கிடைக்காது. ஷாஃப்ட் வெறும் இரும்புதான்.

பார்சலில் வருகிறதா? மூட்டையைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் எடுங்கள். வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி. மேலிருந்து போட்டால் உடையும். "வழியில அடிபட்டிருக்கும்" என்று விற்றவர் சொல்வார். "பேக்கிங் சரியில்லை" என்று லாரிக்காரர் சொல்வார். நீங்கள் நடுவில் நிற்பீர்கள். மூட்டை அடிபட்டிருந்தால் டெலிவரி ரசீதிலேயே அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். லாரி கம்பெனி மீது வழக்குப் போட வேண்டுமானால், 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

குறை தெரிந்த அன்றைக்கே விற்றவருக்கு எழுதிப் போடுங்கள். "பாப்போம், பாப்போம்" என்று மாதக் கணக்கில் வைத்திருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் நினைக்கும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

வியாபாரிகள் சங்கங்கள் முன்வர வேண்டும். ஏமாற்றுகிற நாலு பேரால் கெட்ட பெயர் நாற்பது பேருக்கு. விரிசல் இருக்கிறதா? "விரிசல் உண்டு" என்று எழுதி, அதற்கு ஏற்ற விலைக்கு விற்கட்டும். அதையும் தேவைப்பட்டவர் வாங்குவார். யாருக்கும் சண்டை இல்லை.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விரிசலுக்குப் பசை வைத்து, "பெயிண்ட் அடிச்சுக் குடுங்க" என்று யாராவது கொண்டு வந்தால், அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா? கூலி ஒரு நாள் காசு. பாவம் படகில் போகிறவன் தலையில்.

மாவட்டத்து ஐ.டி.ஐ.க்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பார்ட்டைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்யலாம். மாணவர்களுக்குப் படிப்பு. ஜனங்களுக்குப் பாதுகாப்பு. முக்கியமாகத் தடைக்கால இரண்டு மாதத்தில் இது நடந்தால் பல படகுகள் பத்திரமாகக் கரை திரும்பும்.

பழைய பார்ட் வாங்குவதில் வெட்கம் இல்லை. பழைய பார்ட் விற்பதிலும் வெட்கம் இல்லை. விரிசலுக்குப் பெயிண்ட் அடிக்கிற கைதான் வெட்கப்பட வேண்டும்.

அடுத்த தடவை யாராவது, "பழசுன்னா அப்படித்தான் அண்ணாச்சி" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அப்படின்னா தராசுல போடுங்க. கிலோ என்ன விலை?"